கடைப்பாத்தி முறை

செம்மணி மறுபடியும் அடித்தது. ஏற்பு மண்டபத்தின் கூரையில் இருந்த புறாக்கள் ஒரே சமயத்தில் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கும் பழகிப்போயிருந்தது.

"கடைப்பாத்தி ஊர்! ஓலை தள்ளுபடி!" என்று கூவினார் உதவி ஏற்பாளர் குழந்தைவேலு. "இருபதாம் வரியில் எதிர்பாராத முடிவு!"

தையல்நாயகி வரிசையிலிருந்து முன்னே வந்தாள். "அய்யா, என் ஓலையில பத்தொன்பது வரிதான் இருக்கு."

"அதைத்தான் பொறி சொல்லுது. இருபதாவது வரி எதிர்பாராம முடிஞ்சுபோச்சு."

"அது ஆரம்பிக்கவே இல்லீங்களே."

"ஆரம்பிக்காமலே முடிஞ்சா எதிர்பாராத முடிவுதானேம்மா? அடுத்த ஊர்!"

தையல்நாயகி ஓலையை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். நான்கு நாளில் இது ஆறாவது தள்ளுபடி. கடைப்பாத்தியில் நெல் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். இன்னும் எட்டு நாளைக்குள் மதகு திறக்காவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். நெல்லின் பாலைச் சப்பிப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

மடைநாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரே ஒரு பெரிய ஏரியை நம்பிப் பிழைத்த நாடு அது. இருநூற்று நாற்பது ஊர்கள், ஊருக்கு ஒரு மதகு. மதகின் கைப்பிடி மனிதனிடம் இருந்தால் தன் வயலுக்குத் திறப்பான், பக்கத்து ஊருக்கு மூடுவான் என்று கண்டுகொண்ட பழைய அரசர் ஒருவர், எல்லா ஊர்க் கைப்பிடிகளையும் கழற்றி வாங்கிக்கொண்டு, தலைநகரில் ஒரு பொறியை நிறுவினார். ஊரின் தேவையை ஓலையில் எழுதிப் பொறியின் வாயில் கொடுக்க வேண்டும். பொறிக்குப் புரிந்தால் கூரையில் பச்சைக்கொடி ஏறும். ஒரு செப்புத் தகடு வெளியே வந்து விழும். தகடு முழுக்கத் துளைகளும் பள்ளங்களும் இருக்கும். அதை ஊர் மதகில் செருகினால், ஓலையில் எழுதியபடி மதகு தானே திறக்கும், தானே மூடும். பொறிக்குப் புரியாவிட்டால் செம்மணி அடிக்கும்.

நல்ல ஏற்பாடுதான். அதில் யாரும் குறை சொல்லவில்லை. கடைப்பாத்தியின் முதல் ஓலையில் மூன்றே வரிகள் இருந்தன. நடவு முடிந்தால் மதகை இரண்டு சாண் திற. மழை பெய்தால் மூடு. அறுவடை நெருங்கினால் மூடு. முப்பத்தொரு வருடம் அந்த மூன்று வரிகளில் ஊர் சோறு தின்றது. அத்தனை வருடத்தில் பொறி என்று ஒன்று இருப்பதையே பலர் மறந்துபோனார்கள். ஒரு பொறிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பிறகு பட்டத்துக்கு வந்த அரசருக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஏரி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கோட்டை கட்டப்பட்டிருந்தது. பகைவர்களும் சலித்துப்போய் ஊர் திரும்பியிருந்தார்கள். எனவே அவர் பொறிமொழித் திருத்த ஆணையம் என்று ஒன்றை அமைத்தார். வருடத்துக்கு ஒரு திருத்தமாவது வெளியிட வேண்டும் என்பது ஆணையத்துக்கு இடப்பட்ட பணி. திருத்த வேண்டியது இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதல் திருத்தம் மிகச் சின்னது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு கோடு இழுக்க வேண்டும். "இரண்டே இரண்டு கோடு!" என்று முரசறைந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மக்களும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள்.

அடுத்தது, ஓலையில் வரும் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே அறிமுகம் செய்ய வேண்டும் என்றது. "நீர் என்று ஒன்று உண்டு. மதகு என்று ஒன்று உண்டு. மழை என்று ஒன்று உண்டு" என்று எழுதிய பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். அறிமுகம் செய்துவிட்டுப் பயன்படுத்தாத பொருளுக்கு மஞ்சள்மணி அடிக்கும். அது வெறும் எச்சரிக்கைதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் மழை பெய்யாத ஊர்களுக்கெல்லாம் மஞ்சள்மணி அடித்தது.

அதற்கடுத்த திருத்தத்தில், சாண் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், இனி அரசரின் சாணே சாண் என்றானது. அரசருக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இதற்குள் நாட்டில் தேர்தலும் வந்துவிட்டது. ஆணையத்தின் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தார்கள். ஓலையின் இடது ஓரத்தில் நான்கு விரல் இடம் விட வேண்டும் என்றது ஒரு கட்சி. இரண்டு விரல் போதும் என்றது இன்னொன்று. தண்ணீரைப் பற்றி இரண்டு கட்சிகளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாடே கொதித்தது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். நான்கு விரல் வென்றது, எல்லா ஓலைகளும் மாற்றி எழுதப்பட்டன. அடுத்த தேர்தலில் இரண்டு விரல் வென்றது, எல்லா ஓலைகளும் மறுபடி எழுதப்பட்டன. மூன்றாவது தடவை இரு கட்சிகளும் சேர்ந்து ஒற்றுமை அரசு அமைத்தன. மூன்று விரல் என்று முடிவாயிற்று. அதை யாருமே கேட்கவில்லை.

அந்த ஒற்றுமை அரசில் திருத்தத் தலைவராக வந்தவர்தான் வாகீசனார்.

இப்போது நடப்பில் இருந்தது இருபத்தேழாம் திருத்தம். அதன்படி "திற" என்ற சொல் கைவிடப்பட்டது. பொறியை நோக்கிக் கட்டளையிடும் தொனி அதில் இருப்பதாக ஆணையம் கருதியது. அதற்குப் பதிலாக "மூடாமல் இரு" என்று பணிவாக எழுத வேண்டும். எச்சரிக்கைகள் எல்லாம் இனி பிழைகளாகவே கொள்ளப்படும். பழைய தகடுகள் மாதப் பிறப்போடு செல்லாமல் போகும். செல்லாத தகட்டை ஊர் மதகே துப்பிவிடும்; கடைப்பாத்தியில் அப்படித்தான் ஒரு காலையில் தகடு சேற்றில் கிடந்தது.

வரிசையின் கடைசியில் தையல்நாயகிக்கு முன்னால் நின்றவர் மேட்டுக்கரை ஊர் ஓலைக்காரர் சாத்தப்பன். குடையும் பாயும் மண்பானையுமாக வந்திருந்தார். மண்டபத்துத் தூண் ஒன்றில் அவர் சாய்கிற இடம் எண்ணெய்ப் பிசுக்காகிக் கறுத்திருந்தது.

"என்ன தங்கச்சி, இருபதாவது வரியா?"

"ஆமாண்ணே. இல்லாத வரியில பிழைங்கறாங்க."

"அது ஒண்ணுமில்ல. மூணாவது வரியில ரெண்டு கோட்டுல ஒண்ணு மங்கலா இருக்கும். அதுக்குத்தான் இருபதாவது வரின்னு கத்துது. எங்க அடிச்சா எங்க வலிக்குதுன்னு அதுக்கே தெரியாது."

பார்த்தாள். மூன்றாவது வரியில் கோடு மங்கலாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நாளாண்ணே இங்க இருக்கீங்க?"

"இருபத்தஞ்சாம் திருத்தத்துக்கு வந்தேன்."

"நாம இப்ப இருபத்தேழுல இருக்கோமே!"

"அதான் சொல்றேன். நான் முன்னாடி போறதுக்குள்ள அது முன்னாடி போயிடுது." சாத்தப்பன் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். "எங்க ஊர்ல போன வருஷமே காஞ்சுபோச்சு தங்கச்சி. இப்ப எதுக்கு நிக்கிறேன்னு எனக்கே தெரியல. போனா என்ன சொல்றது, அதுக்குப் பயந்துட்டு நிக்கிறேன்."

தையல்நாயகி உட்கார்ந்து மூன்றாவது வரியின் கோட்டைத் திருத்தினாள். அடுத்த நாள் செம்மணி: மழை அறிமுகமாகியும் பெய்யவில்லை. அதற்கடுத்த நாளும் செம்மணி: மூடியிருக்கிற மதகை "மூடாமல் இரு" என்று எப்படிச் சொல்ல முடியும், அது ஏற்கெனவே மூடியல்லவா இருக்கிறது என்று பொறி முரண்பாடு கண்டது.

"அப்ப திறக்கச் சொல்றது எப்படிங்க?" என்று குழந்தைவேலுவிடம் கேட்டாள்.

"திறந்திருக்கிற மதகா இருந்தா, மூடாமல் இருன்னு எழுதலாம்."

"திறந்திருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

குழந்தைவேலு கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, எனக்கும் ஊர்ல நாலு மா நிலம் கெடக்கு. அதுவும் வெடிச்சுப்போய்த்தான் இருக்கு. என்னைய என்ன பண்ணச் சொல்றே? நான் வெறும் கூவற ஆளு."

இந்த இடத்தில் ஓலைக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வரியின் முன்னால் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டால் பொறி அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். அதற்குக் குறிப்பு வரி என்று பெயர். பின்னால் வருகிற ஓலைக்காரருக்குச் சேதி சொல்லத்தான் அந்த ஏற்பாடு. "அடுத்த வரியில் கை வைக்காதே. ஏன் என்று எனக்கும் தெரியாது. வைத்தால் தெற்கு வாய்க்கால் நின்றுவிடுகிறது" என்று தையல்நாயகிக்கு முந்தியவர் எழுதிய குறிப்பு ஒன்று கடைப்பாத்தி ஓலையில் இன்னும் இருந்தது. ஓலைக்காரர்கள் இதை வேறொன்றுக்கும் பயன்படுத்துவார்கள். எந்த வரி பொறியின் தொண்டையில் சிக்குகிறது என்று தெரியாவிட்டால், சந்தேகப்பட்ட வரிக்குக் கீறல் போட்டுக் கொடுத்துப் பார்ப்பார்கள். மணி அடிக்காவிட்டால் குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம். பிறகு கீறலைச் சுரண்டிவிட்டு அந்த வரியைச் சரிசெய்வார்கள். இது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. அதில் யாருக்கும் எந்த ஆபத்தும் வந்ததில்லை.

பத்தாவது நாள் தையல்நாயகி அதைத்தான் செய்தாள். அன்றைக்குக் கூட்டம் குறைவு. ஓலையை உடனுக்குடன் கொடுத்து வாங்க முடிந்தது. முதலில் "மூடாமல் இரு" வரிக்குக் கீறல் போட்டாள். செம்மணி. நீர் என்று ஒன்று அறிமுகமாகியும் பயன்படவில்லையாம். நீருக்குக் கீறல் போட்டாள். செம்மணி. நீர் இல்லாமல் மதகு எதற்கு என்றது. மதகுக்குப் போட்டாள். மழைக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்க, ஒவ்வொரு தடவையும் புறாக்கள் சுற்றிவர, எழுத்தாணி பிடித்த விரல் மரத்துப்போக, எந்த வரிக்குப் போட்டோம், எதற்கு விட்டோம் என்ற நினைவே இல்லாமல் கீறிக்கொண்டே போனாள். பொழுது சாய்வதற்கு முன் மீதியிருந்த கடைசி வரிக்கும் போட்டுக் கொடுத்தாள்.

மணி அடிக்கவில்லை.

கூரையில் ஏதோ கிரீச்சிட்டது. ஏழு மாதமாக ஏறாத பச்சைக்கொடி, மடிப்பு மடிப்பாகத் தூசி கொட்டிக்கொண்டு மேலே ஏறியது. பொறியின் வாயிலிருந்து ஒரு செப்புத் தகடு வந்து விழுந்தது. துளை இல்லை, பள்ளம் இல்லை. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. தையல்நாயகியின் முகம் அதில் தெரிந்தது.

"கடைப்பாத்தி ஊர்! ஏற்பு!" என்று கூவிய குழந்தைவேலுவின் குரல் உடைந்தது.

"அய்யா, அது ஏற்பு இல்லீங்க. எது பிழைன்னு பார்க்கறதுக்காகக் கொடுத்தது. ஓலையைக் குடுங்க, கீறலைச் சுரண்டணும்."

"கொடி ஏறிடுச்சேம்மா."

"எல்லா வரியும் குறிப்பு வரிங்க. அந்தத் தகட்டுல ஒண்ணுமே இல்ல. மதகு ஒரு நூல்கூட நகராது!"

"ஏத்துக்கிட்ட ஓலையைத் திரும்பக் குடுக்கக் கூடாது. அடுத்த திருத்தம் வர்ற வரைக்கும் மறு ஓலையும் வாங்கக் கூடாது. இருபத்தேழுல வந்த புதுச் சட்டம்மா." குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்க்காமல் ஓலைக்கு முத்திரை குத்தினார். "ஏறின கொடியை இறக்கறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை ஆணையத்துக் காவலர்கள் இருவர் வந்து மரியாதையாக எழுப்பி, திருத்தத் தலைவர் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வாகீசனார் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மையே! இருபத்தேழு திருத்தங்களாக இந்த ஆணையம் எதைத் தேடி அலைந்ததோ, அதை நீர் எய்திவிட்டீர். ஒரு பிழை இல்லை. ஓர் எச்சரிக்கை இல்லை. என்ன தூய்மை! என்ன சுருக்கம்!"

"தலைவரே, அதுல ஒண்ணும் எழுதலீங்க."

"அதுவே அதன் சிறப்பு. எழுதும் இடத்தில்தானே பிழை நுழைகிறது?"

"எங்க ஊருக்குத் தண்ணி வேணுங்க. இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. ஓலையை மட்டும் திருப்பிக் குடுத்தா..."

"நீர் பாய்கிறதா என்பதை மதகுத் துறை கவனிக்கும். ஓலை சரியா என்பதே நமது கவலை. துறைகள் ஒன்றன் வேலையில் ஒன்று தலையிட்டால் நாடு தாங்காது, அம்மையே." அவர் எழுத்தர்களின் பக்கம் திரும்பினார். "இம்முறைக்குக் கடைப்பாத்தி முறை என்று பெயரிடுங்கள். எல்லா ஊர்களுக்கும் பரிந்துரையுங்கள். நாளை அரண்மனையில் இந்த அம்மைக்கு விருது."

அன்று மண்டபத்தில் மணியே அடிக்கவில்லை. வரிசை ஓடியது என்றே சொல்லலாம். கொடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஊர் ஊராக ஓலைக்காரர்கள் வரிக்கு வரி கீறல் போட்டுக் கொடுத்து, வழுவழுப்பான தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சாத்தப்பனும் பாயைச் சுருட்டினார்.

"நீங்களுமாண்ணே?" என்றாள் தையல்நாயகி.

"கோவிச்சுக்காதே தங்கச்சி. வெறுங்கையோட போறதுக்கு இது பரவால்ல. ஏற்பு ஆயிடுச்சுன்னு சொல்லலாம். தண்ணி வரலன்னா மதகுத் துறையைத் திட்டிக்கிட்டு அவங்களும் நிம்மதியா இருப்பாங்க." இரண்டு அடி போனவர் திரும்பி வந்து பானையை அவள் பக்கத்தில் வைத்தார். "இதுல பாதி தண்ணி இருக்கு. வச்சுக்கோ."

பன்னிரண்டாவது நாள் காலை கடைப்பாத்தியிலிருந்து வண்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவளிடம் நேராகச் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடம் கேட்டார். வெயிலைப் பற்றிப் பேசினார்.

"சொல்லுங்க மாமா," என்றாள்.

"நேத்து சாயங்காலம் கிழக்கு வயல்ல மாட்டை அவுத்து விட்டுட்டாங்கம்மா. கதிர் மொத்தமும் பதரு. ஒன் வீட்டுக்காரருதான் முதல்ல அவுத்தாரு. மத்தவங்களுக்கு மனசு வரல."

விழா அரண்மனைப் பந்தலில் நடந்தது. இருநூற்று நாற்பது ஊர்களில் இருநூற்று நாற்பதும் ஏற்பு என்று வாகீசனார் அறிவித்தார். பிழையற்ற நாடு என்று கல்வெட்டு வைக்க உத்தரவாயிற்று. இவ்வளவு விரைவாக முன்னேறிவிட்டதால், இருபத்தெட்டாம் திருத்தத்தை இந்த வருடமே வெளியிடுவதாகவும் அவர் சொன்னார். கைதட்டல் ஓயும்வரை தையல்நாயகி மேடையில் நின்றாள். கழுத்தில் மாலை போட்டார்கள். பொன் எழுத்தில் ஊர்ப் பெயர் பொறித்த பட்டயம் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்தாள், தொண்டை காய்ந்திருந்தது. அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

மாலையைக் கழற்றிப் பட்டயத்தின் மேல் வைத்துவிட்டு, முகம் கழுவ இடம் தேடிப் பந்தலுக்குப் பின்பக்கம் நடந்தாள். ஒரு மதிலைத் தாண்டியதும் கால் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். புல். கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். அதற்கப்பால் வாழையும் கமுகும், வெற்றிலைக் கொடியும், குளம் நிறையத் தாமரையும். நடுவில் ஒரு சின்ன மதகு, யாரும் தொடாமல் தானே ஏறி, தானே இறங்கி, வாய்க்காலில் தண்ணீரை அளந்து விட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் உட்கார்ந்து கமுகம்பாளையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீரைப் பார்த்த விதத்தைப் பார்த்து, "குடிக்கணும்னா குடிம்மா. நல்ல தண்ணிதான்," என்றார்.

அவள் குடிக்கவில்லை. மதகில் செருகியிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துப் போயிருந்தது. துளைகளில் பாசி.

"இது எத்தனையாவது திருத்தத்துத் தகடுங்க?"

"திருத்தமா? அதெல்லாம் தெரியாதும்மா. எங்கப்பா இங்க வேலைக்கு வர்றப்பவே இருந்த தகடு இது."

"ஆணையத்துலேருந்து யாரும் வந்து மாத்தச் சொல்லலையா?"

"போன மாசம் நானேதான் தலைவர்கிட்டக் கேட்டேன், புதுசு போடணுங்களா அய்யான்னு. சிரிச்சிட்டாரு." தோட்டக்காரர் பாளை கிழிப்பதை நிறுத்திவிட்டு, தலைவர் சொன்ன தோரணையிலேயே சொல்லிக் காட்டினார்: "'ஏம்ப்பா, நல்லா ஓடிட்டிருக்கிற ஒண்ணுல எவனாவது கை வைப்பானா?'"